பாலம் நிற்கிறது, பெயர்கள் எங்கே?

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைத் தலைசிறந்த போர்ப்படங்களுள் ஒன்றெனப் போற்றுவோர் பலர். டேவிட் லீன் இயக்கத்தில் 1957-இல் வெளிவந்து, ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற படம் அது. ஜப்பானியரின் சிறைமுகாமில் மானம் காக்கப் போராடும் ஆங்கிலேயத் தளபதி, முகாமிலிருந்து தப்பியோடும் அமெரிக்கர், சீழ்க்கையடித்தபடி அணிவகுத்துவரும் கைதிகள் ஆகியோர் பார்த்தவர் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. நடிப்பிலும் காட்சியமைப்பிலும் அப்படம் உயர்ந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்த இருப்புப்பாதையை அமைத்து மாண்டவர் யார் என்பதில் அது காக்கும் மௌனத்தை நம்மால் ஏற்க இயலாது.

சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கிய பணி, 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் இணைந்தபோது முடிந்தது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். மாண்டவர் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். அது பெருங்கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் ஆகியோருடன், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழரும் அவர்களுள் இருந்தனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகையைத் தொண்ணூறாயிரம் என்பார் உளர்; அதனினும் மிகுதி என்பாரும் உளர். கைதிகளின் சாவு ஒவ்வொன்றாகக் குறித்துவைக்கப்பட்டது. நம்மவர் சாவோ ஆயிரக்கணக்கில் தோராயமாக மதிப்பிடப்படுகிறது. இந்த ஒரு வேறுபாடே வழக்கு முழுவதையும் சொல்லிவிடுகிறது அன்றோ?

தப்பிச்செல்லுதல் ஒரு வீரம் என்று படம் நமக்குக் கற்பிக்கிறது. தப்பிச்செல்வதற்கும் ஒரு முகவரி வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. போர்க்கைதிக்குப் படைப்பிரிவு இருந்தது, அதிகாரி இருந்தார், பெயர்ப்பட்டியல் இருந்தது, மருந்தின்றியும் மருத்துவம் பார்த்த இராணுவ மருத்துவர் இருந்தனர். தோட்டத் தொழிலாளிக்கு இவற்றுள் எது இருந்தது? 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, அவனைக் கவனிக்கவோ அவன் பெயரை எழுதிவைக்கவோ பெரும்பாலான முகாம்களில் எவருமில்லை. காட்டுக்குள் ஓடியவரும் பலர். அவர்களுள் எத்தனை பேர் வீடு சேர்ந்தனர், எத்தனை பேர் வழியில் வீழ்ந்தனர் என்பதை யார் அறிவார்? அந்த ஓட்டத்தைப் படமெடுக்க எவரும் வரவில்லை.

இதனினும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. நல்ல கூலி, சில மாதங்களே வேலை என்ற ஆசைமொழிக்கு ஆள் கிடைப்பது குறைந்தபோது, மலாயாவில் ஜப்பானியர் கையாண்ட வழிகளுள் ஒன்று இலவசத் திரைப்படக் காட்சி. கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை இரயிலேற்றினர். திரைப்படத்தைக் காட்டி அவர்களைப் பிடித்தார்கள். பிறகு வந்த திரைப்படம் அவர்களைக் காட்டாமலே விட்டுவிட்டது.

"கலை வேறு, வரலாறு வேறு, கற்பனைக் கதையில் கணக்குக் கேட்கலாமா?" என்று சிலர் வினவக்கூடும். கேட்கத்தான் வேண்டும். ஏனெனில் இந்தக் கற்பனை, திரைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. காஞ்சனபுரிப் பாலம் உண்மையில் மேக்ளோங் ஆற்றின்மேல் கட்டப்பட்டது. படம் பார்த்துவிட்டுக் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தேடி வந்த பயணிகளுக்காக, 1960-களில் ஆற்றின் அப்பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரே மாற்றப்பட்டது. ஓர் ஆற்றின் பெயரை மாற்றவல்ல கதைக்கு, மாண்டவரை மறக்கச் செய்யும் ஆற்றலும் உண்டு. இன்னொன்றையும் சொல்வோம். கம்யூனிஸ்டுகள் என்ற குற்றச்சாட்டால் அமெரிக்கத் திரையுலகில் ஒதுக்கப்பட்டிருந்த கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் ஆகியோரே இப்படத்தின் திரைக்கதையை எழுதினர். மறைக்கப்பட்ட அவ்விருவரின் உரிமையை ஆஸ்கார் அமைப்பு 1984-இல் ஏற்றுக்கொண்டது. இரண்டு பெயர்களுக்கு இழைத்த அநீதியைத் திருத்த வேண்டும் என்று உணர்ந்த உலகம், பல்லாயிரம் பெயர்களைப் பற்றி வாய்திறக்கவில்லை.

உலகைக் குறைகூறிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியுமா? நம் தருமபுரி மாவட்டம் 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. வானம் பொய்த்த மண்ணிலிருந்து கப்பலேறிப் போனவரின் வழித்தோன்றல்களைச் சயாமின் காடு விழுங்கியபோது, இங்கே எந்தத் திண்ணையிலும் ஒப்பாரி எழவில்லை. செய்தியே வந்து சேரவில்லை.

நாமோ நடுகல் மரபுக்குப் பேர்போன மாவட்டத்தார். தொறுப்பூசலில் ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரைப் பொறித்து, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கவைத்தவர் நம் முன்னோர். அக்கற்கள் பல தருமபுரி அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்திலும் ஏறத்தாழ ஏழாயிரம் வீரர் வரிசையாகத் துயில்கின்றனர். அடையாளம் தெரிந்தவருள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. அந்நகரில் தமிழருக்கென ஒரு நடுகல் எழுந்தது 2023-இல்தான்; மலேசியத் தமிழரின் முயற்சியால் எழுந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு கல்!

கல் மட்டும் போதாது, பெயர்கள் வேண்டும். மலாயாவுக்குச் சென்று திரும்பாதவரைப் பற்றிய பேச்சு இன்னும் சில குடும்பங்களில் இருக்கக்கூடும். பழைய கடிதம், ஒரு நிழற்படம், பாட்டி சொன்ன ஓர் ஊர்ப்பெயர் எதுவாயினும் சரி, அதைக் கேட்டு எழுதிவைப்பது நம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இயலாத செயலன்று. நம்மவரின் கதையை ஆங்கிலேயத் தளபதி சொல்வார் எனக் காத்திருந்தது போதும். தம்மவர் பெயரைத் தாமே எழுதிவைக்காத மக்களை எந்தத் திரையும் நினைவில் வைத்துக்கொள்ளாது.