ஒரு நாள் திருச்சிக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருச்சி வர நினைப்பவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

எனக்கு வீடு மன்னார்புரத்தில். சென்னையிலிருந்து வரும் ஆம்னி பஸ்கள் பல, விடியற்காலையில் நால்ரோடு பக்கம்தான் ஆளை இறக்கிவிடும். அதனால் மாதத்தில் ஒன்றிரண்டு முறையாவது விடிவதற்குள் எனக்கு ஒரு போன் வந்துவிடும். பழைய மாணவராக இருப்பார், இல்லையென்றால் சொந்தக்காரர். "சார், குடும்பத்தோட வந்திருக்கோம், ராத்திரி பஸ்ஸுக்குத் திரும்பணும், எங்கே சாப்பிட்டா நல்லா இருக்கும்?"

முன்பெல்லாம் கடைப் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பேன். இப்போது நான்தான் திருப்பிக் கேட்கிறேன். "கூட யார் யார் வந்திருக்காங்க? அவங்க வீட்டுல எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் கடை தேடக் கூடாது என்பதுதான் என் கருத்து. அதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா குடும்பம் வந்திருந்தது. அக்காவுக்கு எழுபது வயது, சர்க்கரை உண்டு, காலையில் இன்சுலின் ஊசி. அக்கா மகன் யூடியூபில் பார்த்து ஒரு பட்டியல் வைத்திருந்தான். காலை டிபன் ஒரு கடை, மதியம் ஒரு கடை, காபிக்கு ஒரு கடை. ஏழரைக்குச் சாப்பிட்டுவிடலாம் என்று நம்பி அக்கா ஏழு மணிக்கே ஊசி போட்டுக்கொண்டார். போன இடத்தில் வாசல் வரை கூட்டம். "இன்னும் பத்தே நிமிஷம் மாமா" என்று அவன் சொல்லிச் சொல்லியே எட்டரை ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அக்காவுக்கு முகமெல்லாம் வேர்வை. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது.

எதிரே ஒரு டீக்கடை. அந்தத் தம்பிதான் சட்டென்று புரிந்துகொண்டு, தண்ணீரில் மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அக்கா தெளிந்துவிட்டார். அதற்குப் பிறகு பக்கத்திலேயே ஒரு சின்னக் கடையில் இட்லி சாப்பிட்டோம். கூட்டம் இருந்த கடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தப்பு எங்கள் மேல்தான். நாற்பது பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பிய வாத்தியார் நான். சொந்த அக்காவின் சாப்பாட்டு நேரத்தைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஆகவே என் முதல் சிபாரிசு: முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்களோ அங்கே சாப்பிடுங்கள். பெயர் பெற்ற கடை அந்த இடத்திலேயே இருந்தால் சந்தோஷம்.

இன்னொரு விஷயம். பழைய பட்டியல்களில் 'பஸ் ஸ்டாண்டு எதிரே' என்று இருந்தால் அது மத்திய பேருந்து நிலையம். 2025 மே 9-ல் பஞ்சப்பூரில் புது முனையம் திறக்கப்பட்டது. ஜூலையிலிருந்து வெளியூர் பஸ்கள் அங்கே போகின்றன. அங்கிருந்து ஸ்ரீரங்கம் 15 கிலோமீட்டருக்குக் குறையாது. டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் ஒரு டீயாவது குடித்து, பிள்ளைகளுக்கு நாலு பிஸ்கட் கொடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

காலையில் ஸ்ரீரங்கம். 'தரிசனம் முடித்துத்தான் சாப்பிடுவேன்' என்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. உடம்பு தாங்குபவர்கள் அப்படியே செய்யட்டும். ஊசி, மாத்திரை உள்ளவர்கள் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வரிசையில் நிற்கலாம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தக் கோயில் சாதாரணக் கோயிலா? ஏழு பிரகாரம், 21 கோபுரம், 156 ஏக்கர். இலவச தரிசன வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே வந்து சாப்பிடலாம் என்று போட்ட கணக்கெல்லாம் உள்ளே போனதும் தப்பிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குத்தான் முக்கியமான யோசனை. கோயிலிலேயே அன்னதானக் கூடம் இருக்கிறது. தமிழகக் கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002-ல் தொடங்கியது. 2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் காலை முதல் இரவு வரை சாப்பாடு போடும் திட்டமாக அது விரிந்தது. 2021-ல் சமயபுரத்துக்கும் வந்தது. தரிசனம் முடித்துப் பசியோடு வருகிறவருக்கு இதைவிடப் பக்கத்தில் எந்த ஓட்டல் இருக்கிறது?

அன்றைக்கு இதைச் சொன்னபோது அக்கா தயங்கினார். "ஏன்டா, ஏழைபாழைங்க சாப்பிடுற இடமில்லையா அது? நமக்குத்தான் வசதி இருக்கே, அவங்க சோத்துல நாம கை வைக்கலாமா?" பலர் மனதிலும் இதுதான் இருக்கிறது. ஒரு பகுதி நல்லெண்ணம், ஒரு பகுதி கூச்சம். நான் சொன்னேன்: "அக்கா, இது கோயிலுக்கு வந்த எல்லாருக்கும் போடுற சாப்பாடு. ஓட்டலுக்குக் கொடுக்கிற காசை அன்னதான நன்கொடையாக் கொடுத்து ரசீது வாங்கிக்கலாம். நீ சாப்பிட்டதுக்கும் மேலயே நாலு பேரு சாப்பிடுவாங்க."

உட்கார்ந்தோம். சாதம், சாம்பார், ரசம், பொரியல். விசேஷமாக ஒன்றும் இல்லை. ஆனால் சூடு இருந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன், அந்தப் பக்கம் பூக்கட்டும் அம்மா ஒருவர். அவர்தான் அக்காவிடம், "இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக்கோங்கம்மா, தொண்டைக்கு நல்லா இருக்கும்" என்றார். ஊருக்குப் போன பிறகும் அக்கா அந்த ரசத்தைப் பற்றித்தான் பேசினார். வசதி உள்ளவர்கள் அங்கே சாப்பிடக் கூடாது என்று நாமே ஒதுங்கிக்கொண்டால், கடைசியில் அது இல்லாதவர்கள் மட்டும் போகிற இடமாகிவிடும். அப்புறம் அதன் ருசியைப் பற்றியோ சுத்தத்தைப் பற்றியோ கேட்க ஆள் இருக்காது. இதையும் யோசித்துப் பாருங்கள்.

கோயிலை விட்டு வரும்போது ஸ்ரீபண்டாரத்தில் பிரசாதம் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பசி எடுத்தால் உதவும்.

மதியத்துக்குப் பிறகு திருவானைக்காவல். உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திவிடுவார்கள், அதனால் மூன்று மணிக்கு மேல் போங்கள். பெயர் பெற்ற கடை வேண்டும் என்பவர்களுக்கு இங்கே வாய்ப்பு. பார்த்தசாரதி விலாஸ், 1943-லிருந்து இருக்கிற டிபன் கடை. விறகடுப்பில் வார்க்கும் நெய் ரோஸ்ட். சாயங்கால டிபன் நேரத்தில், வயிற்றில் மதியச் சாப்பாடு இருக்கும்போது, வரிசை இருந்தாலும் நின்று ருசித்துச் சாப்பிடலாம். அதே வரிசையில் ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நிற்பதுதான் கூடாது.

வெயில் தாழ்ந்ததும் மலைக்கோட்டை. நானூறுக்கும் மேற்பட்ட படி. அதனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். முதலில் உச்சிப்பிள்ளையார், இறங்கிய பிறகு பலகாரம். கீழே தெப்பக்குளம், மெயின்கார்டுகேட் பக்கம் வந்தால் மைக்கேல் ஐஸ்கிரீம் கடை. திருச்சியில் படித்த எவரைக் கேட்டாலும் அங்கே ஒரு கதை வைத்திருப்பார். விலையும் கையைக் கடிக்காது. பிள்ளைகளை ஏமாற்றாமல் வாங்கிக் கொடுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஸ்ரீரங்கம் கோயில் வீதிகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காவிரிப் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். பாலக்கரை, தில்லைநகர், மத்திய பேருந்து நிலையம் சுற்றுவட்டாரம் எல்லாவற்றிலும் ராத்திரிப் பரோட்டாவும் பிரியாணியும் கிடைக்கும். ராத்திரி பஸ் ஏறுகிறவர்கள் மட்டும் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். பஸ் நிற்கிற இடத்தில் கழிவறை கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கடைசியாக ஒன்று. பையில் நாலு வாழைப்பழம், கடலைமிட்டாய், ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை, தண்ணீர் பாட்டில். இதற்கு ஐம்பது, அறுபது ரூபாய்கூட ஆகாது. நீங்கள் சேர்த்து வைத்த கடைப் பட்டியல் தொலைந்துபோனால்கூடப் பரவாயில்லை, இந்தப் பையை மறக்காதீர்கள்.

அக்கா மகன் போன மாதம் மறுபடி போன் செய்தான். "மாமா, அம்மாவோட வர்றோம். அம்மா ஏழரைக்குச் சாப்பிடணும். மன்னார்புரத்துலேயே ஏதாவது இருக்கா?" என்றான்.

"நம்ம வீடு இருக்குடா" என்றேன்.