கோசாம்பியின் இன்னொரு வரைபடம்

டி.டி. கோசாம்பி என்ற பெயர் தமிழ் இலக்கியச் சூழலில் வரலாற்றாசிரியரின் பெயராகவே புழங்குகிறது. இந்திய வரலாற்றை உற்பத்தி முறைகளின் வழியே வாசிக்கக் கற்பித்தவர். பர்த்ருஹரியின் பாடல்களுக்கு 1948இல் செம்பதிப்புக் கண்டவர். அவர் 1944இல் எழுதிய நான்கு பக்கக் கணிதக் கட்டுரை, உலகெங்கும் பயிர் மரபியலாளரின் அன்றாடக் கருவியாக விளங்குவதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியை அடுத்த வம்பனில் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் உள்ளது. உளுந்தையும் பாசிப்பயற்றையும் வாட்டும் மஞ்சள் தேமல் நோய், மானாவாரி உழவரின் தீராத் துயரம். வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸ் பற்றிய செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. எதிர்த்து நிற்கும் இரகமே காப்பு. வம்பன் 6, வம்பன் 8 முதலான உளுந்து இரகங்கள் அந்தத் தேடலில் விளைந்தவை. எதிர்ப்பைத் தரும் மரபணு குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அதனருகிலுள்ள டி.என்.ஏ. அடையாளத்தைக் கொண்டு, நோய் வரும்வரை காத்திராமல் இளஞ்செடியிலேயே தேர்வு செய்யலாம். அடையாளம் 10 அலகு தள்ளியிருந்தால், ஒரு தலைமுறையிலேயே ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துத் தேர்வு பிழையாகிவிடும். ஆகவே தூரம் தெரிய வேண்டும்.

அத்தூரத்தை எப்படி அளப்பது? 1913இல் ஸ்டர்ட்டெவன்ட் வழி சொன்னார்: ஒரே குரோமோசோமிலுள்ள இரு மரபணுக்கள் சந்ததியில் நூற்றுக்கு ஒருமுறை பிரிந்தால், அவற்றிடையே ஓர் அலகு தூரம். தொலைவு மிகுந்தால் இக்கணக்குப் பொய்க்கும். இடையே இருமுறை குறுக்கேற்றம் நிகழ்ந்தால் அவ்விரண்டும் மீண்டும் சேர்ந்தே வரும். பிரிந்த சுவடே தெரியாது. ஒவ்வொரு குறுக்கேற்றமும் மற்றதைச் சாராதது எனக் கொண்டு 1919இல் ஹால்டேன் ஒரு திருத்தம் தந்தார். ஆனால் ஒரு குறுக்கேற்றம் தன்னருகே மற்றொன்று நிகழ்வதைத் தடுக்கிறது. தொலைவு கூடக்கூட அத்தடை தளர்கிறது. இந்தத் தளர்வையும் சமன்பாட்டுக்குள் கொணர்ந்தார் கோசாம்பி. நூற்றுக்கு 25 பிரிவு கண்டால் ஹால்டேன் கணக்கில் தூரம் 34.7 அலகு, கோசாம்பி கணக்கில் 27.5. செடிகள் அவையே, அனுமானம் மாற, வரைபடமும் மாறுகிறது.

இலக்கியப் பக்கத்தில் இக்கணக்கு எதற்கு என்று கேட்பவர் உண்டு. பல சுவடிகளை ஒப்புநோக்கி, மறைந்துபோன மூலத்தை ஊகிப்பவர் பதிப்பாசிரியர். பல சந்ததிகளை எண்ணி, காணாத குரோமோசோமின் அமைப்பை ஊகிப்பவர் மரபியலாளர். கோசாம்பியிடம் இவ்விரண்டும் ஒரே மனத்தின் தொழில்கள். வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு கணிதத்தை விட்டுவிட்ட நாம், அவரைப் பாதியாகவே வாசித்திருக்கிறோம்.

அந்த மறுபாதியும் தமிழில் வர வேண்டும். பாடநூல் எழுதுவோர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்குவது சிற்றிதழ் மரபுக்கு அழகன்று. கடினமானவற்றைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதற்காகவே தோன்றிய மரபு அது. வம்பன் உளுந்து விதைக்கும் குடும்பத்திலிருந்து வேளாண்மை படிக்கச் செல்லும் மாணவி, அந்த விதைக்குப் பின்னுள்ள கணக்கைத் தன் மொழியில் வாசிக்க இயலாதிருப்பது நம் குறையேயன்றி, மொழியின் குறையன்று.