எண்ணத் தெரிந்தவனுக்கு இடமில்லை

நளன் கதையைக் கற்றோர் ஒரு செய்தியை எளிதில் மறவார். புட்கரனோடு சூதாடி நாட்டையும் நகரத்தையும் இழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேரோட்டியாய்ச் சென்ற வழியில், தான்றிமரத்துக் காய்களை அவ்வரசன் நோக்கிய மாத்திரத்தே எண்ணியுரைத்தது கண்டு வியந்தான். தன் பரிநூலை ஈந்து அவ்வெண்கலையைப் பெற்றான். கலி அவனை விட்டு நீங்கியது அதன் பின்னரே. இழந்ததனை மீட்டும் ஆடி வென்றதும் அதன் பின்னரே. எண்ணத் தெரிந்தவனுக்குச் சூது அஞ்சும் என்பது இக்கதையுள் அமைந்த நுட்பம். அவ்வச்சம் இக்காலத்துச் சூதாட்ட விடுதிகளில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதனையும், அதனின்று மாணாக்கராகிய நாம் அறியத்தக்கது யாதென்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டு விடுதிகளிற் பெருவழக்காய் ஆடப்படுவது பிளாக்ஜாக் என்னுஞ் சீட்டாட்டம். ஆடுவோன் தன் சீட்டுக்களின் கூட்டெண் இருபத்தொன்றைக் கடவாமலும், விடுதியின் சார்பிற் சீட்டுப் போடுபவனது எண்ணினும் மிகுமாறும் ஆடல்வேண்டும். பகடையில் முன் வீழ்ந்த எண் பின் வீழ்வதனைத் தடுப்பதில்லை. இவ்வாட்டத்திலோ, வெளிப்பட்ட சீட்டு, மறுமுறை கலைக்குமளவும் கட்டினுள் மீள்வதில்லை. ஆதலின் சிறு சீட்டுக்கள் மிகுதியாய் வெளிவந்துவிடின், எஞ்சிய கட்டிற் பத்தெண் சீட்டுக்களும் ஏஸும் மிகும். ஆட்டம் ஆடுவோன் பக்கஞ் சாயும். இதனைக் கணக்கிட்டு 1962-இல் நூலாக வெளியிட்டவர் எட்வர்ட் தார்ப் என்னுங் கணிதப் பேராசிரியர். பின்னர் வழக்கில் வந்த எளிய முறை இது: இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டு வெளிப்படின் ஒன்று கூட்டுக, பத்தும், படச்சீட்டும், ஏஸும் வெளிப்படின் ஒன்று கழிக்க, தொகை மிகும்பொழுது பந்தயத்தை மிகுக்க. இதனால் வரும் மேம்பாடு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றே.

அவ்வொன்றுக்கு விடுதிகள் அஞ்சிய அச்சம் பெரிது. ஒரு கட்டுக்கு மாறாக ஆறும் எட்டுமாகக் கட்டுக்களைச் சேர்த்தன; பாதியிலேயே கலைத்தன; ஓயாது கலைக்கும் பொறிகளை நிறுவின; தலைக்குமேற் படக்கருவிகளை வைத்து, எவன் பந்தயம் எப்பொழுது ஏறி எப்பொழுது இறங்குகின்றதென நோக்கின. ஐயத்துக்கு உரியவனை வணக்கத்தோடு அணுகி வாயிலைக் காட்டின. நெவாடா மாநிலத்தில் இஃது விடுதியாருடைய உரிமையென்றே கொள்ளப்படுகின்றது. நியூ ஜெர்சியிலோ, கென் உஸ்டன் என்பார் தொடுத்த வழக்கில், ஆணையத்தின் விதியின்றித் தாமாகவே எண்ணுவோரை விலக்குதல் விடுதியாருக்கு ஆகாதென 1982-இல் அம்மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், நினைத்த பொழுது கட்டைக் கலைத்துக்கொள்ளும் வழி அவர்களுக்குத் திறந்தே இருந்தது.

எண்ணுவோன் செய்த குற்றம் யாது? அவன் சீட்டில் அடையாளம் இட்டானல்லன்; மறைத்து வைத்தானல்லன்; எல்லாருங் காண வீழ்ந்த சீட்டைத் தன் நினைவில் நிறுத்தினான். 'தன் வீட்டில் யாரோடு ஆடுவதென்று தீர்மானித்தல் வீட்டுக்குரியவன் உரிமையன்றோ?' எனச் சிலர் வினவுவர். தன் வீட்டுத் திண்ணையாயின் ஆம். ஊரார் அனைவரையும் விளக்கொளி காட்டி அழைத்துவிட்டு, தோற்பவனை இருத்தி வெல்பவனை எழுப்புதல் ஒருபுறமே தாழுந் தராசு வைத்து வாணிகஞ் செய்வதனோ டொக்கும். கடலூரினின்று சிதம்பரஞ் செல்லும் இருப்புப்பாதையை அடுத்த எம் செம்மங்குப்பத்தில், மாலைப்பொழுதில் மரத்தடியிலே துண்டை விரித்துச் சீட்டாடுவோரை நாம் சிறுவயது முதற் கண்டிருக்கின்றோம். அங்கே கைதேர்ந்தவரை எவரும் எழுப்பிவிட்டதில்லை. 'பெரியவர் கணக்காக ஆடுவார்' என்று சொல்லி, அவர் ஆடுமுறையை இளையோர் பின்னின்று பார்ப்பர். விளையாட்டென்பது அதுவே.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவாம். 1930-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம், வெறுந் திறமையால் ஆடப்படுவனவற்றைத் தண்டனையினின்று விலக்கிற்று. ரம்மி பெரும்பாலுந் திறமையாட்டமே என 1968-இல் உச்சநீதிமன்றங் கூறிற்று. அவ்வழியே, இணையச் சூதினைத் தடுக்கத் தமிழக அரசு இயற்றிய சட்டத்தில் ரம்மியையும் போக்கரையுந் தற்செயலாட்டங்களெனக் குறித்த பகுதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. 'திறமை' என்னும் அவ்வொரு சொல்லே இணைய ரம்மி நடத்தியோருக்குக் கேடயமாயிற்று.

அவர்கள் திறமைக்கு அஞ்சவில்லையே, அஃதேன்? பிளாக்ஜாக்கில் விடுதியே எதிராட்டக்காரன். ஆதலின் வல்லவன் வென்றால் விடுதி இழக்கும். இணைய ரம்மியிலோ நடத்துவோன் ஆடவில்லை. ஒவ்வோராட்டத்திலும் பந்தயப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டான். வல்லவன் வென்றாலென்ன, மெலியவன் வென்றாலென்ன? பங்கு குறைவதில்லை. வல்லவன் வென்றது மெலியவன் பணம். அம்மெலியவனும் நம்மைப்போன்ற ஒரு மாணாக்கனே. ஆகவே, திறமை தனக்குக் கேடாங்கால் அதனை வெளியேற்றுவதும், பிறர்க்குக் கேடாங்கால் அதனைப் புகழ்ந்தழைப்பதும் சூதின் இயல்பெனத் தெளிகின்றோம். முன்னதற் கஞ்சுவோரே நேர்மையுடையர்போலும்! அவர் தம் அச்சத்தையேனும் ஒளித்திலர்.

எம் தோழருள் ஒருவர் கணக்கில் வல்லவர். கைப்பேசியில் முதல் வாரம் வென்றார். தம் அறிவே வென்றதென நம்பினார். மூன்றாந் திங்களில் தேர்வுக் கட்டணம் போயிற்று. நான்காந் திங்களில் அவர் அன்னையாரின் காதணி அடகுக்குச் சென்றது. அவரை அழித்தது அறியாமையன்று. 'நீ திறமையுடையவன்' என்ற புகழ்ச்சி. சிலுவையடியில் நம் ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப்போட்ட சேவகர், யாருக்கு வீழ்ந்ததென்றே நோக்கினர். தலைக்குமேல் ஒருவர் உயிர் விடுவதனை நோக்கினாரல்லர். சூதாடுமிடத்து எக்காலத்துங் கண்கள் தாழ்ந்தே யிருக்கும்.

2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் திறமையினதாயினும், தற்செயலினதாயினும், இரண்டுங் கலந்ததாயினும் வேறுபாடின்றி விலக்கிற்று. இதனை நாம் வரவேற்கின்றோம். திறமையை இகழ்ந்து அன்று. திறமையின் பெயரை இரவல் வாங்கி நடந்த வாணிகத்தை இகழ்ந்தே. ஆயினுஞ் சட்டம் ஒரு வாயிலை அடைப்பின் சூது மற்றொன்றைத் திறக்கும். ஆதலின், தோழர்களே, 'இது திறமையாட்டம்' என்று எவரேனும் நம்மை அழைப்பின், ஒரு வினாவை மட்டுங் கேட்போம்: இங்கு மிக வல்லவன் வரின் அவனை என் செய்வீர்? வெளியேற்றுவோம் என்பாராயின், அவ்விடத்துத் திறமைக்கு வேலையில்லை. இருத்துவோம் என்பாராயின், அவனுக்கு இரையாவார் யாரென்பதனையுங் கேட்டறிந்து மீள்வோமாக.