வெட்டி எடுத்த சதை பேசும்!

"ஆபரேஷன் முடிந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். இனி என்ன பயம்?"

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இப்படி எண்ணும் குடும்பங்கள் உண்டு. ஆஸ்பத்திரிக் காகிதங்கள் பெட்டிக்குள் போய்விடுகின்றன. அப்பா மறுபடி பட்டாசு ஆலைக்கோ, அச்சகத்துக்கோ வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்.

புராஸ்டேட் புற்று நோயில் இந்த எண்ணம் பாதி சரி; பாதி தவறு!

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிறது. வயதானவர்களுக்கு அதில் புற்று நோய் வரலாம். நோய் அந்தச் சுரப்பியைத் தாண்டாமல் இருந்தால், சுரப்பியையே எடுத்துவிடலாம். பெரும்பாலோர் குணம் அடைகிறார்கள். ஆனால், நூற்றுக்கு 20 முதல் 40 பேர் வரை, பிற்பாடு நோய் மீண்டும் தலைகாட்டுகிறது.

யாருக்கு வரும்?

வெடிக்காமல் நின்றுவிட்ட வெடியைச் சிவகாசிப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். உள்ளே பொறி இருக்கிறதா, இல்லையா என்பது வெளியே தெரியாது. இந்த நோயும் அப்படித்தான். ஆனால், இதில் துப்புச் சொல்ல ஒரு சாட்சி உண்டு. வெட்டி எடுத்த சதைதான் அந்தச் சாட்சி!

அந்தச் சதையை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதிக்கிறார்கள். மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அமெரிக்க டாக்டர் டொனால்டு கிளீசன், 1966-ல் இதற்கு மதிப்பெண் போட வழி வகுத்தார். இன்றும் அதுவே அடிப்படை. 6 என்றால் சாதுவான நோய். 8, 9, 10 என்றால் பொல்லாத நோய். சதையின் வெளி ஓரத்தில் மை பூசுவதும் உண்டு. மை பூசிய ஓரம் வரை புற்று எட்டியிருந்தால், உடம்பில் மிச்சம் தங்கியிருக்கலாம்.

இன்று இன்னும் நுட்பமான அடையாளங்கள் வந்துவிட்டன. "கி-67" என்ற அடையாளம், உயிரணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும். "பி.டி.இ.என்." என்ற புரதம் வளர்ச்சிக்குப் பிரேக் போன்றது. அது இல்லாத கட்டி திரும்பி வர வாய்ப்பு அதிகம். சதையில் 22 ஜீன் அடையாளங்களை அளந்து பார்க்கும் பரிசோதனையும் உண்டு. ஆனால், அதற்குச் செலவு அதிகம். இவை எதுவும் ஜோசியம் அல்ல. "வரக்கூடும்" என்று சொல்லும். "வந்தே தீரும்" என்று சொல்லாது.

ஏழைக்கு வழி என்ன?

வழி இருக்கிறது. "பி.எஸ்.ஏ." என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை! சுரப்பியை எடுத்தபின் இந்த அளவு ஏறக்குறைய பூஜ்யம் ஆகவேண்டும். அது 0.2-ஐத் தொட்டு, மறு பரிசோதனையிலும் குறையாவிட்டால், நோய் திரும்புகிறது என்று பொருள். அப்போதே கதிர் சிகிச்சை கொடுத்தால் பலன் உண்டு.

பிரிட்டன் முதலிய நாடுகளில் 1,396 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆபரேஷன் ஆனவுடன் எல்லோருக்கும் கதிர் சிகிச்சை தேவை இல்லை. கண்காணித்து, அளவு ஏறும்போது கொடுத்தால் போதும் என்று தெரிந்தது. எத்தனை பேருக்கு வீண் சிரமம் மிச்சம்! ஆனால், பரிசோதனைக்குப் போகிறவருக்குத்தான் இந்த நன்மை. போகாதவருக்கு, நோய் முற்றிய பிறகே சேதி தெரியும்.

மதுரைக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால்தான் பலர் தட்டிக் கழிக்கிறார்கள். விருதுநகரில் 2022 ஜனவரி 12-ந் தேதி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து அங்கே அனுப்பினால், தொழிலாளியின் கூலி மிஞ்சும், உயிரும் மிஞ்சும். சதைப் பரிசோதனை முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். மெழுகுக் கட்டிகளைப் பத்திரமாக வைக்க வேண்டும். பின்னால் புதிய பரிசோதனை தேவைப்பட்டால், அவையே கைகொடுக்கும்.

குடும்பத்தாருக்கும் கடமை உண்டு. "மதிப்பெண் எத்தனை? ஓரம் சுத்தமா? அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு?" என்ற மூன்று கேள்விகளை டாக்டரிடம் கேளுங்கள். ஊருக்கெல்லாம் காலண்டர் அச்சடித்துக் கொடுக்கிற ஊர் சிவகாசி. அந்தக் காலண்டரில் அப்பாவின் பரிசோதனைத் தேதியையும் குறித்து வையுங்கள்!