பதின்மூவர் ஆட்டமும் பதினைவர் ஆட்டமும்

ரக்பி லீக் ஆட்டத்திற் பயின்றோர் ரக்பி யூனியன் ஆட்டத்திற் புகுந்து வெற்றிபெற வல்லரோ என்னும் வினா இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. வல்லர் என்பார் ஜேஸன் ராபின்ஸனைச் சான்றாகக் காட்டுவர். வல்லரல்லர் என்பார் சாம் பர்கெஸைக் காட்டுவர். இரு சாராரும் ஒவ்வொருவரைக் காட்டிய அளவில் அமைந்துவிடுதலின் வழக்கு முடிந்தபாடில்லை. வினாவே செம்மையாக எழுப்பப்படவில்லை என்பது எமது துணிபு. லீக் ஆட்டக்காரர் என்று ஒரு பெயரால் அனைவரையும் அடக்கிக் கேட்பதை விடுத்து, களத்தில் எவ்விடத்து நின்றாடுவோர், எத்துணைக் காலம் பழகிய பின்னர் என்று வகுத்துக் கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேட்பின் விடை பெரும்பாலும் விளங்கியே கிடக்கின்றது.

கால்பந்தும் ஹாக்கியும் ஆடிப் பழகிய நம் நண்பர் பலர்க்கு இவ்விரு ஆட்டங்களும் ஒன்றெனவே தோன்றும். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுதலும், ஏந்தி வருவானைப் பற்றி வீழ்த்தலும், பந்தைக் கையால் முன்னோக்கி எறியலாகாது என்னும் விதியும் இரண்டிற்கும் பொது. ஒருதாய் வயிற்றுப் பிறந்த இவை பிரிந்தது கூலி பற்றிய வழக்கினால். வட இங்கிலாந்தின்கண் யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தோர், ஆட்டத்தின் பொருட்டு வேலையை விடுங்கால் அந்நேரத்துக் கூலியை இழந்தனர். இழந்ததை மட்டுமேனும் ஈடுசெய்தல் வேண்டுமென்று 1893-ஆம் ஆண்டில் லண்டனிற் கூடிய ரக்பி சங்கப் பேரவையில் ஒரு தீர்மானம் கொணரப்பட்டது. அதனை ஏற்றோர் வாக்கு 136. மறுத்தோர் வாக்கு 282. ஒருநாட் கூலி தவறின் அடுப்பு எரியாது என்பதை அறிந்தோர் அம் மறுத்தோருள் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? இரண்டாண்டு கழிந்து, 1895 ஆகஸ்டு 29-ஆம் நாள், ஹட்டர்ஸ்பீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடநாட்டுச் சங்கத்தார் கூடித் தனித்துப் பிரிந்தனர். வேலை இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் வரையில் கொடுக்கலாம் என்பதே அவர் செய்துகொண்ட ஏற்பாடு. ரக்பி லீக் என்னும் பெயர் பின்னர் வந்தது. பதினைவர் ஆட்டம் பதின்மூவர் ஆட்டமாயது 1906-இல்.

இவ்வரலாற்றை யாம் ஈண்டு விரித்தற்குக் காரணம் உண்டு. பிரிவுக்குப் பின்னர் ஏறத்தாழ நூறாண்டுக் காலம், லீக்கிற் சென்று ஆடியவன் யூனியன் களத்தினின்றும் வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டான். யூனியன் சங்கத்தார் பணம் பெற்று ஆடுதலை ஒப்புக்கொண்டது 1995 ஆகஸ்டில். அதுகாறும் 'லீக்கார் யூனியனில் வெல்வரோ' என்று கேட்டோர், வாயிலைத் தாழிட்டுக்கொண்டு 'இவர் உள்ளே வரவல்லரோ' என்று கேட்டோரே ஆவர். கார்டிப் நகரிற் பிறந்த பில்லி பாஸ்டன் 1953-இல் விகன் சங்கத்திற் சேர்ந்தார். தம் ஆட்டவாழ்க்கையில் 571 டிரைகள் எடுத்தார். 2025-இல் ஸர் பட்டம் பெற்றார். லீக் ஆட்டத்தின் பொருட்டு அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அதே நகரிற் பிறந்த கிளைவ் சலிவன் 1972-இல் பிரிட்டன் அணித்தலைவராக நின்று லீக் உலகக் கோப்பையை வென்றார். இருவரும் கறுப்பு மக்கள். இருவருள் ஒருவரேனும் வேல்ஸ் நாட்டு யூனியன் அணியில் ஒருநாளும் ஆடினாரல்லர். இத்தகையோர் யூனியனில் என் செய்திருப்பர் என்பதை இனி எவரும் காணுமாறில்லை. கணக்கெடுப்போர் இப்பக்கத்தை வெற்றுத்தாளாகவே விட்டுச் செல்கின்றனர்.

தடை தளர்ந்த காலம் ஒன்றுண்டு. அது இரண்டாம் உலகப் போர்க் காலம். படையிற் சேர்ந்த இரு திறத்தாரும் ஒருங்கு ஆட இசைவளிக்கப்பட்டது. 1943 ஜனவரியில் லீட்ஸ் நகரத்து ஹெடிங்லி மைதானத்திலும், 1944 ஏப்ரலில் பிராட்போர்ட் நகரத்து ஒட்ஸல் மைதானத்திலும், லீக்கார் பதினைவரும் யூனியனார் பதினைவரும் யூனியன் விதிப்படியே எதிர்நின்றனர். முன்னதில் 18-க்கு 11 என்றும், பின்னதில் 15-க்கு 10 என்றும் லீக்காரே வென்றனர். வழக்கு அன்றே தீர்ந்ததன்றோ என்று வினவுவார்க்கு யாம் கூறுவது இது: அக்கால லீக் அணியினருட் சிலர் வேல்ஸ் நாட்டில் யூனியன் ஆடியே வளர்ந்தவர், மேலும் இரண்டாட்டங்களும் அன்று இத்துணைத் தொலைவு விலகியிருக்கவில்லை. லீக்கில், பிடிபடும் முறைக்கு ஓர் எல்லை வகுத்தது 1966-இல். முதலில் நான்கு என வைத்து, 1972-இல் ஆறு என உயர்த்தினர். அவ்வெல்லைதான் லீக்கை முற்றும் வேறோர் ஆட்டமாக்கிற்று.

அம்மாற்றம் யாதெனச் சற்றே நின்று நோக்குதல் நலம். லீக்கிற் பந்தோடு வீழ்த்தப்பட்டவன் பந்தைக் கைவிட வேண்டுவதில்லை. எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலாற் பின்னுக்குத் தள்ளுவான். எதிரணியார் ஏறத்தாழ அனைவரும் 10 மீட்டர் பின்வாங்கி நிற்பர். ஆட்டம் மீண்டும் தொடங்கும். இவ்வாறு ஆறுமுறை பிடிபட்டால் பந்து எதிரிக்கு உரியது. யூனியனிலோ வீழ்ந்தவன் உடனே பந்தை விட்டாக வேண்டும். பிடித்தவனும் அவனை விட்டாக வேண்டும். விட்ட பந்தின்மேல் இரு திறத்தாரும் கால் ஊன்றி நின்று, தம் பக்கத்துப் பின்புறமாகவே வந்து, ஒருவரையொருவர் தள்ளிப் போராடலாம். இதனை ரக் என்பர். எப்பொழுது புகுவது, எப்பொழுது புகாது விலகி அடுத்த தாக்குதலுக்கு அணிவகுப்பது என்பதைக் கண்ணிமைப் பொழுதில் துணிதல் வேண்டும். ஸ்கிரம் என்பது லீக்கில் அறுவர் அறுவராய்க் கூடும் சடங்களவே; யூனியனில் எண்மர் எண்மராய் மெய்யாகவே முட்டித் தள்ளும் போர். பந்து பக்கக்கோட்டிற்கு அப்பாற் சென்றபின் வரிசையாய் நின்று எழும்பிப் பற்றும் லைன் அவுட் என்பதை லீக்கார் 1897-இலேயே கைவிட்டனர்.

எனவே லீக்கில் நற்பழக்கமாவது யூனியனிற் குற்றமாகின்றது. வீழ்ந்தவன் பந்தை இறுகப் பற்றுவதும், பிடித்தவன் எதிரியை எழவொட்டாது தாமதிப்பதும் லீக்கிற் கைத்திறம். யூனியனில் நடுவர் ஊதல் ஒலிக்கும். வெண்பாப் பாடிப் பாடிக் கைவந்த ஒருவன் வஞ்சிப்பாப் பாடப் புகுங்கால் அவனுக்குச் சொல்வளமும் கற்பனையும் குறைந்துவிடுவதில்லை. ஆயினும் அவனறியாமலே சீர் வெண்டளைக்குச் சென்று நிற்கும். பழகிய உறுப்புக்கள் மனத்தினும் முந்துவன. வகுப்பில் யாப்பிலக்கணம் பயின்று அல்லலுறும் நண்பர் இதனை எளிதின் உணர்வர்.

இனி 1996-ஆம் ஆண்டின் மே மாதத்தை நோக்குக. எமக்குக் கிடைத்த சான்றுகளுள் இதனினும் தெளிவுடையது பிறிதில்லை. லீக்கில் முதன்மை பெற்ற விகன் அணியும் யூனியனில் முதன்மை பெற்ற பாத் நகர அணியும் இருமுறை பொருதன. மே 8-ஆம் நாள் மான்செஸ்டரில் லீக் விதிப்படி ஆடியபொழுது விகன் 82, பாத் 6. மே 25-ஆம் நாள் ட்விக்கன்ஹாமில் யூனியன் விதிப்படி ஆடியபொழுது பாத் 44, விகன் 19. பலரும் இவ்விரண்டையே கூறி, அவரவர் ஆட்டம் அவரவர்க்கு என்று முடித்துவிடுவர். இடையில் நிகழ்ந்த ஒன்றை அவர் மறந்தனர். மே 11-ஆம் நாள் அதே ட்விக்கன்ஹாமில், யூனியன் விதிப்படி எழுவர் எழுவராய் ஆடும் மிடில்ஸெக்ஸ் போட்டியில் விகன் அணி கலந்துகொண்டு, இறுதியாட்டத்தில் வாஸ்ப்ஸ் அணியை 38-க்கு 15 என வென்று கோப்பையைக் கொண்டது. எழுவர் ஆட்டத்தில் முன்வரிசையார் போராட்டம் மிகச் சிறிது. திறந்த வெளியில் ஓடுதலும் பிடித்தலும் கைமாற்றுதலுமே பெரிது. ஆண்டும் ஒன்று, மைதானமும் ஒன்று, விதியும் யூனியன் விதியே. எழுவராய் நின்றபொழுது வென்றவர், இரண்டு வாரத்தில் பதினைவராய் நின்று தோற்றனர். அவரைத் தோற்கச் செய்தது அந்த எண்மர் கூடும் இருட்டறை என்பதில் ஐயமுண்டோ?

இதனால் முதல் விடை கிடைக்கின்றது. விங்கிலும் புல்பேக்கிலும், அஃதாவது வெளிப்புறத்தும் கடைசியிலும் நின்றாடும் லீக்கார் யூனியனில் விரைந்து வெல்வர். ராபின்ஸன் விகன் அணியினின்றும் 2000-இல் ஸேல் அணிக்குச் சென்றார். 2001-இல் இங்கிலாந்துக்கு ஆடினார். 2003 நவம்பர் 22-ஆம் நாள் ஸிட்னியில் நிகழ்ந்த யூனியன் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து 20-க்கு 17 என ஆஸ்திரேலியாவை வென்றது. அவ்வாட்டத்தில் எடுக்கப்பட்ட டிரைகள் இரண்டே. ஒன்று ஆஸ்திரேலியாவின் லோட்டே துகீரி எடுத்தது. மற்றொன்று ராபின்ஸன் எடுத்தது. இருவரும் லீக்கினின்றும் வந்தவர்! துகீரியோடு வெண்டெல் செய்லரும் மாட் ராஜர்ஸும் அங்ஙனம் வந்து அன்று ஆஸ்திரேலியப் பின்வரிசையில் நின்றனர். லீக்கார் யூனியனுக்கு உதவார் என்று இதற்குப் பின்னும் கூறுவாருடன் வழக்காடுதல் வீண்.

முன்வரிசையிலும் நடுவிலும் நிற்போர்க்குக் காலம் வேண்டும். நியூஸீலந்திற் பிறந்த பிராட் தார்ன், பிரிஸ்பேன் அணியில் லீக் ஆடிப் பெயர்பெற்று 2001-இல் யூனியனுக்கு வந்தார். அவ்வாண்டே நியூஸீலந்து அணிக்கு அவரைத் தெரிந்தெடுத்தனர். இவ்வாட்டத்தில் தம் மனம் இன்னும் ஊன்றவில்லை என்று கருதி அவர் அதனை ஏற்க மறுத்தார். அணியில் முதலில் ஆடியது 2003-இல். இடையே லீக்கிற்கு மீண்டு, பின்னும் யூனியனுக்கு வந்து, லைன் அவுட்டில் எழும்பும் கடினமான இடத்தில் நின்று, தமது 36-ஆம் அகவையில் 2011-ஆம் ஆண்டின் உலகக் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார். வந்த பெருமையை வேண்டாவென்று தள்ளிக் காலம் கேட்ட அத்தகைமையை யாம் வியக்கின்றோம். ஸோனி பில் வில்லியம்ஸும் 2008-இல் லீக்கை விட்டுப் பிரான்ஸின் தூலோன் நகரத்து அணியில் ஈராண்டு பழகிய பின்னரே 2010-இல் நியூஸீலந்துக்கு ஆடினார். 2011, 2015 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் வென்றார்.

பர்கெஸுக்கோ அக்காலம் அளிக்கப்படவில்லை. 2014-இல், முகவெலும்பு முறிந்தும் களம்விட்டு அகலாது, தென் ஸிட்னி அணிக்கு லீக் வெற்றியை ஈட்டித் தந்த பெருவீரர் அவர். அவ்வாண்டிறுதியில் பாத் அணிக்கு வந்தார். ஓராண்டு நிரம்புமுன் 2015 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு ஆட நிறுத்தப்பட்டார். பாத் அணியார் அவரைப் பெரிதும் முன்வரிசைக்குப் பழக்க, இங்கிலாந்து அணியார் சென்டரில் நிறுத்தினர். ஒருவனை ஒரே ஆண்டில் இரண்டு தொழிற்கு இருவேறு ஆசிரியர் பயிற்றியதை ஒத்தது இது. வேல்ஸுடன் ஆடிய ஆட்டத்தில் இங்கிலாந்து 25-க்கு 28 எனத் தோற்றது. பின்னர் ஆஸ்திரேலியாவிடமும் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறிற்று. பழி முழுதும் பர்கெஸ் தலையில் விழுந்தது. வேல்ஸுடன் ஆடியபொழுது அவரைக் களத்தினின்றும் வெளியே அழைத்த வேளையில் இங்கிலாந்தே முன்னணியில் இருந்தது என்பதைப் பழித்தோர் நினைத்திலர். நவம்பரில் அவர் ஸிட்னிக்கே மீண்டார். யூனியனில் நாட்டுக்கு ஆடியவை ஐந்தே. இதனை லீக்கார்தம் தோல்வியென்று எழுதுவோர், தெரிந்தெடுத்தோர் அவசரத்தை ஆடியோன் கணக்கில் வைக்கின்றனர்.

ஆன்டி பாரெலின் வரலாறு இதனினும் சிந்தித்தற்குரியது. விகனில் ஒப்பற்ற முன்வரிசை வீரராய் விளங்கிய அவர் 2005-இல் ஸாரஸென்ஸ் அணிக்கு வந்தார். நோயும் காயமும் வருத்த, 2007-இல் இங்கிலாந்துக்கு எட்டே ஆட்டங்கள் ஆடினார். ஆடுவோராக அவரைத் தோற்றாருள் வைத்தெண்ணுதல் வழக்கம், யாமும் மறுத்திலம். ஆயின் அயர்லாந்து அணிக்குப் பயிற்சியாளராகி 2023-இல் ஐந்து எதிரிகளையும் வென்று கிராண்ட் ஸ்லாம் பெற்றுத் தந்தவரும், 2025-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியை ஆஸ்திரேலியாவில் வெற்றிபெறச் செய்தவரும் அவரே. யூனியனின் நுட்பம் லீக்காருக்கு விளங்காது என்னும் கூற்று இவ்வொருவராற் பொய்யாயிற்று. அவர்க்கு விளங்கிற்று, உடம்பு இடங்கொடுத்த காலத்திற்குள் விளங்கவில்லை என்பதே குறை.

2024 நவம்பர் 9-ஆம் நாள் ஜோசப் ஸுவாலீ என்னும் 21 அகவை இளைஞர் ட்விக்கன்ஹாமில் ஆஸ்திரேலியாவின் பின்வரிசையில் நின்று முதன்முறை ஆடினார். ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 42-க்கு 37 என வென்றது. ஸிட்னி ரூஸ்டர்ஸ் அணியில் லீக் ஆடிவிட்டு நேரே வந்தவர் அவர். பள்ளியில் யூனியனும் பயின்றவர் என்பதையும் உடன் கூறுதல் நேர்மை. அவர் வெற்றியைக் கண்டு, லீக்கின் முன்வரிசையாளர் ஒருவரை இனி எவரேனும் பெரும்பொருள் கொடுத்து அழைப்பரேல், இரண்டு பருவங்கள் சங்கத்தின் கீழணியில், ஒரே இடத்தில் நிறுத்தி, ரக்கின் இருளுக்குள் அவரைப் பழக்குக. அதுவரை அவர் பெயரை நாட்டணிப் பட்டியலில் எழுதற்க.