காசு கொடுத்து வாங்கினோம்... விற்கக் கூடாதா?

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த ஊர். ஒரே காலையில் ஜோடி ஜோடியாக வந்து தாலி கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கல்யாணங்களை நம்பித்தான் பத்திரிகை அச்சடிப்பவர், பிளக்ஸ் கடைக்காரர், ஸ்டூடியோக்காரர் என்று பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது.

முன்பு கடையிலேயே ஓவியர் உட்கார்ந்து டிசைன் போடுவார். இப்போது அப்படி இல்லை. எந்த ஊரிலோ வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் டிசைனரிடம் ஆன்லைனில் வாங்குகிறார்கள். பத்திரிகை மாடல், ஆல்பம் டிசைன், வீடியோ டைட்டில் எல்லாம் சில நூறு ரூபாய்க்குப் பைலாக வந்து இறங்குகிறது. வாங்கியவர் சும்மா இருப்பதில்லை. அதையே பென்டிரைவில் ஏற்றிப் பத்துக் கடைக்கு விற்கிறார். கேட்டால், "காசு கொடுத்து வாங்கின சரக்குண்ணே, யாருக்கு வித்தா என்ன?" என்கிறார்.

நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை!

சைக்கிள் வேறு, பைல் வேறு

சைக்கிளை விற்றால் அது உங்களை விட்டுப் போய்விடும். படித்து முடித்த புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போடலாம், தடையில்லை. பைல் அப்படியா? விற்ற பிறகும் உங்கள் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. வாங்கியவருக்குப் போனது புதிய பிரதி. பிரதி எடுக்கும் உரிமை, 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. படைத்த உடனே உரிமை வந்துவிடுகிறது.

உலகம் முழுக்க இந்தத் தகராறு உண்டு. அமெரிக்காவில் 'ரீடிஜி' என்ற கம்பெனி பழைய டிஜிட்டல் பாட்டுகளை மறுவிற்பனை செய்யக் கடை திறந்தது. அதுவும் பிரதி எடுப்பதுதான் என்று 2018-ல் நியூயார்க் அப்பீல் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஐரோப்பிய கோர்ட்டு 2012-ல் சாப்ட்வேர் மறுவிற்பனைக்கு வழிவிட்டது. அதிலும் விற்றவர் தன் பிரதியை அழித்துவிட வேண்டும். 2019-ல் அதே கோர்ட்டு மின்புத்தகத்துக்கு 'கூடாது' என்றது. நம் சுப்ரீம் கோர்ட்டும் 2021-ல் ஒரு வருமான வரி வழக்கில், சாப்ட்வேரைப் பயன்படுத்த லைசென்ஸ் வாங்குவது வேறு, அதன் பதிப்புரிமையை வாங்குவது வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியது.

ஆர்டர் கொடுத்துச் செய்தால்?

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையில் செய்தது முதலாளிக்குச் சொந்தம். பணம் கொடுத்து ஆர்டர் செய்த புகைப்படம், ஓவியம், சினிமாப் படம் ஆகியவை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஆர்டர் கொடுத்தவருக்குச் சொந்தம். 17-வது பிரிவு இதைச் சொல்கிறது. ஆனால் சம்பளக்காரர் அல்லாத ஒருவர் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராமுக்கோ, கட்டுரைக்கோ அந்தச் சலுகை இல்லை. எழுதியவரே உரிமையாளர்! எல்லோருக்கும் விற்கும் ரெடிமேட் டிசைனும் ஆர்டர் கணக்கில் வராது.

உரிமை கைமாற வேண்டுமா? 19-வது பிரிவைப் பாருங்கள். எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். "யூஸ் பண்ணிக்கோங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி, பயன்படுத்த அனுமதி என்று வாதாட உதவலாம். மறுவிற்பனை உரிமை ஆகிவிடாது.

கம்பி எண்ண வேண்டி வரும்

'சின்ன விஷயம், யார் கேட்கப் போகிறார்கள்' என்று நினைக்காதீர்கள். தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63-வது பிரிவுப்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். போலீசே வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் இது என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சிவில் வழக்கு தனி. அதையும் உரிமையாளர் தான் குடியிருக்கும் ஊரிலேயே போட முடியும். அசாமில் இருக்கும் டிசைனர் அங்கே வழக்குப் போட்டால், நம்மூர்க்காரர் கடையைப் பூட்டிவிட்டு ரெயில் ஏற வேண்டியதுதான்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. விற்பவரே அடுத்தவர் டிசைனைத் திருடி விற்கலாம். திருட்டு நகையை அடகு பிடித்தவர் கதைதான். அவருக்கே இல்லாத உரிமை உங்களுக்கு எப்படி வரும்?

ஒரு தாள் போதும்

வீடு வாங்கினால் பத்திரம் பார்க்கிறோம். பைல் வாங்கும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்? நான்கு விஷயத்தை எழுதி வாங்குங்கள். இது யார் செய்தது? சொந்த வேலைக்கு மட்டுமா, மறுவிற்பனைக்கும் சேர்த்தா? எத்தனை வருடம், எந்த நாடு? அதற்கு எவ்வளவு பணம்? கீழே கையெழுத்து. அதோடு பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

மறுவிற்பனை உரிமைக்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுப்பதுதான் முறை. அந்தப் பக்கம் இருப்பவரும் ராத்திரி கண் விழித்து வேலை செய்கிற நம்மைப் போன்ற பிழைப்புக்காரர்தான். இன்றைக்கு வாங்குகிற நம்மூர்ப் பையன்கள் நாளைக்கு டிசைன் போட்டு விற்பார்கள். அப்போது அவர்களைக் காப்பாற்றப்போவதும் இதே சட்டம்தான்.

அச்சக, ஸ்டூடியோ சங்கங்கள் ஒரு காரியம் செய்யலாம். வக்கீலை வைத்து ஒரு பக்க ஒப்பந்த மாதிரியைத் தமிழில் தயாரித்து, கடைக்குக் கடை கொடுக்கலாம். கைது, கேஸ் என்று ஆன பிறகு சங்கத்தைக் கூட்டிப் பேசி என்ன பயன்?