பயனும் நோக்கமும்

"பயன் என்றாலும் நோக்கம் என்றாலும் ஒன்றுதானே, ஐயா?" என்று பண்டித வகுப்பு மாணவரொருவர் அண்மையில் வினவினார். ஒன்றெனக் கொண்டமையால் ஒரு குடியிருப்பே அழிந்த கதையை அவருக்குச் சொன்னேன்.

அமெரிக்காவின் கொனெக்ரிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்பது ஒரு சிறு துறைமுக நகர். அங்கே போர்ட் ட்ரம்புல் பகுதியில் ஏறத்தாழ 90 ஏக்கர் நிலத்தில் விடுதியும் கடைகளும் அலுவலகங்களும் எழுப்பி, நலிந்த ஊரை நிமிர்த்த நகராட்சி திட்டமிட்டது. அயலிலே பைசர் என்னும் மருந்துக் கம்பனி ஆய்வுநிலையம் அமைக்க முன்வந்தமை அதற்குத் தூண்டுகோலாயிற்று. பலர் விற்றனர், ஒன்பதின்மர் மறுத்தனர். அவருள் ஒருவர், 1918இல் தாம் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்துவந்த மூதாட்டி. மற்றொருவர் சுசெட் கீலோ. வழக்கு இவர் பெயரால் வழங்குகின்றது.

நியாயமான நட்டஈடின்றித் தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுத்தலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். ஒருவர் வீட்டை எடுத்து வேறு தனியார் முயற்சிக்கு வழிவிடுவது பொதுப் பயனாகுமா? ஆகும் என்று 2005 யூன் 23இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். பயன் என்பதைப் பொது நோக்கம் எனப் பரந்து கொள்ளுதல் முன்னைத் தீர்ப்புகளிலும் உள்ளதே என்று பெரும்பான்மையோர் சார்பில் நீதியரசர் ஸ்டீவன்ஸ் எழுதினார்.

தமிழாசிரியனாகிய எனக்கு இங்கேதான் பொறுக்கவில்லை. நோக்கம் செய்வான் உள்ளத்தது. பயன் பெறுவான் கையது. முன்னதை எவர் அளப்பார்? பின்னதையோ கண்ணாற் காணலாம். ஒன்றனிடத்தில் மற்றதை வைத்தால், எடுப்பவன் சொல்லே எடுத்தற்குச் சான்றாகிவிடும். மாறுபட்டெழுதிய நீதியரசர் ஓ'கொனர், தோமஸ் ஆகியோர் பக்கமே யான் நிற்பேன். நகராட்சி வஞ்சித்தது என்று கூறேன். அதன் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் 2009இல் பைசர் அவ்வூரைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தது. வீடுகளிருந்த நிலம் ஆண்டுக்கணக்காக வெறுமையாய்க் கிடந்தது. கீலோவின் இளஞ்சிவப்பு வீட்டை முன்னரே பெயர்த்து வேறிடத்தில் நிறுத்தியிருந்தனர்.

"நம் சட்டத்தில் எந்தச் சொல், ஐயா?" என்றார் மாணவர். வீதிக்கும் பாலத்துக்கும் நிலம் வேண்டுமென்பதை யாரும் மறுக்கார். ஆனால் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் தொடக்கத்திலேயே பயனை விடுத்துப் பொதுத் தேவையைப் பற்றிக்கொண்டது. தேவையென முடிவுசெய்பவர் அமைச்சர். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்கு எடுப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லை என்று அதிற் கூறப்பட்டிருந்தது. அவருட் பலர் சில கட்டைக்கு அப்பால் முகாம்களில் இருந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றனர். பிற்பாடு ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. விடுவிக்கப்படாத காணியின் உறுதியைப் பெட்டியடியில் மடித்து வைத்திருப்போரை யான் அறிவேன்.